பேட்டரி கொதிக்கும் டிராக்டரும் புழல் எலக்ட்ரிக்கல் பட்டறையும்

சென்னையின் வட விளிம்பில், புழலிலிருந்து செங்குன்றம் நோக்கிப் போகும் ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். அரிசி ஆலைகளுக்கு லோடு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர்கள் அதைப் ‘பாய் கடை’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தன் பெயரையும் கைபேசி எண்ணையும் போட வேண்டாம் என்றும், இருக்கும் வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை என்றும் அவர் கேட்டுக்கொண்டதால், அடையாளம் இதற்கு மேல் தர இயலாது. டிராக்டரில் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் கோளாறுக்காக இரண்டு முறை அங்கே போனேன். என்ன நடந்தது என்பதை எண்களோடு சொன்னால், இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும்.

வண்டி பன்னிரண்டு ஆண்டு பழையது, நாற்பத்தைந்து குதிரைத்திறன், சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குள் இல்லாமல் தனியாக வெளியே பொருத்தப்பட்ட வகை. சோழவரம் பக்கத்து நிலத்தில் உழவுக்கும், மற்ற நாள்களில் டிரெய்லர் கட்டி மண், செங்கல் ஏற்றவும் ஓடுகிறது. 2022இல் வாங்கிய பேட்டரி 2024 ஜூனில் போனது. அதற்கு அடுத்தது ஏழே மாதத்தில் போனது. 2025 பிப்ரவரியில் மூன்றாவதாக வாங்கிய 80 ஏ.எச். (ஆம்ப்பியர் ஹவர்) கொள்ளளவுள்ள பேட்டரியும் மே மாதக் கத்திரி வெயிலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கத் தொடங்கியது. வாரத்துக்கு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தது. பேட்டரிப் பெட்டியின் பெயின்ட் உரிந்தது. ஹெட்லைட் பல்பு மாதத்துக்கு ஒன்று போனது. இவை எல்லாம் ஒரே நோயின் குறிகள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜிங் லைட் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒழுங்காக அணைந்ததால், சார்ஜிங் சரியாக இருக்கிறது என்றே நம்பினேன். அந்த விளக்கு சார்ஜ் ஏறாதபோதுதான் எச்சரிக்கும். அதிகமாக ஏறுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதற்கு முன் போன வேறொரு பட்டறையில், பிப்ரவரியில் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். மார்ச்சில் ரெகுலேட்டரை மாற்றினார்கள். பழைய ஆல்டர்னேட்டரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். வயரிங்கைப் பாருங்கள் என்று நான் கேட்டபோது, மல்டிமீட்டரை பஸ்ஸரில் (கரண்ட் போக வழி இருந்தால் சத்தம் போடும் அமைப்பில்) வைத்து வயரின் இரு முனைகளையும் தொட்டார்கள்; பீப் சத்தம் வந்தது; ‘வயரிங் ஓகே சார்’ என்று முடித்தார்கள். செல்களில் நீர் குறைந்திருந்ததற்கு ஆசிட்டே ஊற்றினார்கள். அதுவும் தவறு என்பதைப் பாய்தான் பிறகு விளக்கினார். பேட்டரி கொதிக்கும்போது நீர்தான் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது; ஆசிட் உள்ளேயே தங்குகிறது. அதன் மேல் இன்னும் ஆசிட் ஊற்றினால் கரைசல் கெட்டியாகிப் பிளேட்டைத்தான் அரிக்கும். ஆகமொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகும் பேட்டரி கொதித்தது.

பாய் கடைக்குப் போன அன்று அவர் முதல் அரை மணி நேரம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. பேட்டரியின் பக்கவாட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். ஆறு மூடிகளையும் திறந்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: ‘தண்ணி எல்லா செல்லும் குடிக்குதா, ஒரு செல் மட்டும் குடிக்குதா?’ ஆறு செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஊற்றுகிறேன் என்றேன். ஒரு செல் மட்டும் குடித்தால் அந்தச் செல்லின் கோளாறாக இருக்கலாம், ஆறும் சேர்ந்து குடித்தால் சார்ஜிங் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தார். எடுத்ததும் வண்டியில் வைக்கவில்லை. அதன் பின்மூடியைக் கழற்றி, 9 வோல்ட் பேட்டரியை மாற்றி, மேசை மேல் இருந்த வேறொரு லாரி பேட்டரியை இரண்டு மீட்டர்களால் அளந்து, இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று பார்த்தார். உள் பேட்டரி இறங்கிப்போன மலிவு மீட்டர் உள்ளதை விட அதிகமாகக் காட்டும் என்பதும், 14 வோல்ட்டை 15க்கு மேல் காட்டி நல்ல ரெகுலேட்டரைக் குப்பைக்கு அனுப்பிவிடும் என்பதும் எனக்கு அன்று வரை தெரியாத செய்தி. வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி முழு சார்ஜில் காட்டும் அளவு அது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏறத்தாழ 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டதும் 14ஐத் தாண்டி, 15ஐத் தாண்டி, 15.4இல் நின்றது. ஐந்து நிமிடம் கழித்தும் இறங்கவில்லை. 12 வோல்ட் பேட்டரிக்கு 13.8 முதல் 14.4 வரை கிடைத்தால் போதும். அதற்கு மேல் போகப் போக நீர் பிரிவது வேகமாகும். அதிலும் சென்னை வெயிலுக்கு, அந்த 14.4ஐ விடச் சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது, ஏனென்றால் பேட்டரி சூடாக ஆக அதற்குத் தேவைப்படும் சார்ஜிங் வோல்டேஜ் குறைகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டாலும், 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறும்போது ஆறு செல்லுக்குமாகச் சேர்த்துக் கால் வோல்ட்டுக்கு மேல் வரும். ஆகவே மே மாதத்தில் 15.4 என்பது குளிர்ந்த ஊரில் அதே எண் செய்வதை விடக் கூடுதல் சேதம் செய்யும்.

இந்த இடத்தில்தான் முந்தைய பட்டறை ஆல்டர்னேட்டரைக் கழற்றியது. பாய் இன்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஃபீல்டு வயரை (ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குக் கரண்ட் தருவது; அந்தக் கரண்ட் கூடினால் சார்ஜும் கூடும்) மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மீட்டர் 12.5இல் நின்றது, சார்ஜிங் லைட் எரிந்தது. ஃபீல்டு வயரைக் கழற்றிய பிறகும் வோல்டேஜ் ஏறியிருந்தால், ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ஃபீல்டுக்கு எங்கிருந்தோ தானாகக் கரண்ட் கிடைக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை என்பதால், சொன்னதைத்தான் ஆல்டர்னேட்டர் செய்கிறது, அதற்குச் சொல்பவர்தான் தவறாகச் சொல்கிறார் என்று ஆயிற்று. இரண்டு நிமிட வேலை அது. பிப்ரவரியில் யாராவது அதைச் செய்திருந்தால் என் பழைய ஆல்டர்னேட்டர் இன்னும் என்னிடம் இருந்திருக்கும். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960களிலிருந்து வண்டிகளுக்கான எலக்ட்ரிக்கல் சாமான்களைச் செய்துவரும் ஊர் இது, ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எந்த வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கும். பொருள் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே, அளந்து பார்ப்பதை விட மாற்றிப் பார்ப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபீல்டு வயரை மீண்டும் மாட்டிய பிறகு அவர் செய்ததுதான் என்னை உட்காரவைத்தது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். லோடு கூடினால் வோல்டேஜ் சற்று இறங்க வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் அது ஏறியது. 15.4ஆக இருந்தது 15.9 ஆயிற்று. ‘லைட்டு போட்டா ஏறுது பாருங்க சார். ரெகுலேட்டர் கெட்டிருந்தா இப்படி ஏறாது, அதுக்கு வர்ற சேதிதான் கெட்டிருக்கு’ என்றார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோளாறு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. எங்கள் வண்டியில் ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்டேஜை நேராகப் பார்ப்பதில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் வயர் இக்னிஷன் சாவிக்குப் போய், அங்கிருந்து ஃபியூஸ் வழியாக ரெகுலேட்டருக்கு வருகிறது. அந்த முனையில் தெரியும் வோல்டேஜைத்தான் ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்டேஜ் என்று எடுத்துக்கொண்டு, அது 14.2க்கு வரும்வரை ஆல்டர்னேட்டரின் ஃபீல்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. வழியில் எங்காவது ஒரு வோல்ட் தொலைந்தால், ரெகுலேட்டர் 14.2 என்று நினைத்துத் திருப்தியடையும் நேரத்தில் பேட்டரி 15.2இல் கொதித்துக்கொண்டிருக்கும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்து என்று ஒருவரைக் காவல் வைத்துவிட்டு, அவர் பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. காவலுக்கு நின்றவரை மாற்றினாலும், மோட்டாரை மாற்றினாலும் நம் தொட்டி வழிவது நிற்காது. ஹெட்லைட்டுக்கும் அதே வயரில்தான் கரண்ட் போகிறது. லைட் போட்டதும் அந்த வயரில் ஓடும் கரண்ட் கூடுகிறது. வழியில் தொலையும் வோல்டேஜும் கூடுகிறது. ரெகுலேட்டர் இன்னும் குறைவாகக் காண்கிறது. ஆல்டர்னேட்டரை இன்னும் முடுக்குகிறது.

சோதிக்கும் முறையும் அதற்கேற்ப எளியதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் கறுப்பு முனையை ரெகுலேட்டருக்கு வரும் இக்னிஷன் முனையிலும் வைத்தார். 1.2 வோல்ட். எர்த் பக்கம் அதே போலப் பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டரின் உடலுக்கும் இடையில் பார்த்தார்; 0.05தான் இருந்தது, அந்தப் பக்கம் சுத்தம். பிறகு கறுப்பு முனையை வயர் வழியே ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தார். சாவிக்குப் பின்னால் இருந்த கனெக்டரில் 0.4 தொலைந்தது. சாவிக்குள் ஒன்றும் தொலையவில்லை. ஃபியூஸ் ஹோல்டரில் 0.8 தொலைந்தது. ஃபியூஸைக் கழற்றினால் அதன் பிடியில் பச்சைக் களிம்பு. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோகப் பிடி) கறுத்து, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது.

அவர் நிமிர்ந்து, ‘வண்டி எப்போவாவது நனைஞ்சுதா?’ என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொட்டகைத் தகரம் பறந்து, இரவு முழுவதும் டேஷ்போர்டின் மேல் மழை கொட்டியது. அடுத்த நாள் வண்டி ஸ்டார்ட் ஆனதால் அதை மறந்தேவிட்டேன். ஆறு மாதம் கழித்து முதல் பேட்டரி போனது.

முந்தைய பட்டறையின் பஸ்ஸர் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று அவரிடமே கேட்டேன். கையில் இருந்த மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினார், 0.3 ஓம் என்றது. அந்த ஃபியூஸ் ஹோல்டரில் இருந்த கோளாறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீட்டரின் சொந்த வயர்களின் கணக்கிலேயே அது மறைந்துபோகும். பஸ்ஸரோ பல மீட்டர்களில் பத்து, இருபது ஓம் இருந்தாலும் சத்தம் போடும். ஆனால் அதே 0.3 ஓமில் இரண்டு மூன்று ஆம்ப்பியர் ஃபீல்டு கரண்ட் ஓடும்போது முக்கால் வோல்ட் அளவுக்குத் தொலைகிறது. கரண்ட் ஓடாத வயரை அளந்தால் அதில் கரண்ட் ஓடும்போது என்ன ஆகும் என்பது தெரியாது. அதனால்தான் இந்த அளவை இன்ஜின் ஓடும்போது எடுக்க வேண்டும். இன்னொரு செய்தியும் சொன்னார், சற்றுக் கோபமாகவே. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ‘வண்டி நிக்குதா, ஓடுதா’ என்று பார்க்கும் பழைய டைனமோ காலத்து வழக்கத்தை ஆல்டர்னேட்டர் வண்டியில் யாரையும் செய்ய விடக் கூடாதாம். பேட்டரி இல்லாமல் போகும் அந்த நொடியில் எழும் உயர் வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

வேலை முடிந்தது இப்படி. ஃபியூஸ் ஹோல்டர் புதிது, கனெக்டர் புதிது, பேட்டரியிலிருந்து சாவி வரை 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் புதிது. லக்குகளை வெறுமனே நசுக்கி விடாமல் சால்டரும் வைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடினார். ரெகுலேட்டருக்கு அருகில் ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக வோல்டேஜ் கொடுக்கவும் முடியும் என்று சொன்னார். அது தேவைதானா என்று நான் கேட்டதற்கு, வயர் சுத்தமாக இருந்தால் தேவையில்லை, ரிலே என்பது நாளைக்குக் கெடக்கூடிய இன்னொரு சாமான் என்றார். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ரெகுலேட்டர் முனையில் 14.1, பேட்டரியில் 14.2. ஹெட்லைட் போட்டாலும் 14.2. இரண்டு முனைகளையும் நானே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி மீட்டரை என் கையில் கொடுத்தார்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 1,850.

புதுப் பேட்டரி ஒன்றை விற்பதற்கு அன்று அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது; விற்கவில்லை. ஆசிட் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்த்தார். ஐந்து செல்கள் 1.240க்கும் 1.250க்கும் இடையில் இருந்தன; ஒன்று மட்டும் 1.190. பிளேட் வெளியே தெரியும் அளவுக்கு முன்பு நீர் குறைந்திருந்ததால் மேல்பகுதி காய்ந்துபோயிருக்கும், அது திரும்ப வராது, ஆனாலும் மழைக்காலம் வரை ஓடும், அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். பத்து நாள் கழித்து மறுபடி கொண்டு வரச் சொல்லி, கூலி வாங்காமல் மறுபடி அளந்தார். அளவுகள் மாறவில்லை. அந்தப் பத்து நாளில் நான் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. இதை எழுதும்போது ஏழு வாரம் ஆகிறது; மொத்தமாக ஊற்றியது ஒரு டம்ளருக்கும் குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. பேட்டரி மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அவர் கண்ணாடி போடுவதில்லை. அருகில் இருந்த பையனும் போடவில்லை. கொதிக்கும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது, தெறிப்பது ஆசிட். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பீடியோடு அருகில் வந்தபோது அவரைச் சத்தம் போட்டு விரட்டியவர், தன் கண்ணுக்கு மட்டும் ஏன் அந்த அக்கறையைக் காட்டவில்லை என்பது எனக்கு வருத்தம்; நேரிலும் சொன்னேன். கேட்டால்தான் பில் எழுதுகிறார், அதுவும் துண்டுக் காகிதத்தில். எந்தெந்த இடத்தில் எவ்வளவு வோல்டேஜ் இருந்தது என்பதையும் அதில் எழுதித் தந்தால் அடுத்த முறை யாரிடம் போனாலும் உதவும். கிளாம்ப் மீட்டர் இல்லாததால் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்ப்பியர் தருகிறது என்பதை அளக்கவில்லை. என் கோளாறுக்கு அது தேவைப்படவில்லை, ஆனால் சார்ஜே ஏறாத வண்டிக்கு அது வேண்டியிருக்கும். சந்து குறுகல், டிரெய்லரோடு உள்ளே திரும்ப முடியாது, அதைச் சாலையிலேயே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நிழலில் உட்கார இடம் கிடையாது. நிலத்துக்கு வந்து பார்ப்பதும் இல்லை. வண்டி ஓடும் நிலையில் இல்லாவிட்டால் நீங்கள்தான் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

போக நினைப்பவர்கள் காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது. அதற்குப் பின் லாரிகள் வரிசை கட்டுகின்றன. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும். போவதற்கு முன், ஆறு செல்லுக்கும் எவ்வளவு நீர் ஊற்றினீர்கள் என்பதை இரண்டு வாரமாவது தனித்தனியாகக் குறித்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார். டெர்மினலை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கிரீஸ் தடவி, பளபளவென்று கொண்டு போகாதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் போனேன். எந்தக் கம்பத்தில் எவ்வளவு பூத்திருந்தது என்பதைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டீர்களே என்று அவர் உண்மையாகவே மனம் வருந்தினார்.